மாடு முட்டவில்லை

"கண்ணைத் திறம்மா!"

மணியம்மாள் திறந்தாள். மெஷினுக்குள் வெளிச்சக் கோடு ஓடியது. உடனே கண்ணை மூடி, இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டாள்.

"இது கற்பூரம் இல்லம்மா! ஸ்கேன்!" என்று கத்தினாள் ஜீவிதா.

"வெளிச்சம் நேரா வந்தா கை தானா கும்பிடுது. நான் இன்னா பண்றது? இதுக்குப் பேரு இன்னா சொன்ன?"

"ஓசிடி."

"ஓசின்னா சும்மாதானே? அதுக்கு ஏண்டி இவ்ளோ கத்துற?"

ஜீவிதா செவிலிமேட்டில் ஒரு கண் மருத்துவமனையில் ஸ்கேன் எடுப்பவள். தாமலில் அவர்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். 'கண்ணு பாக்கறதுக்கு ஒரு படிப்பா?' என்று கேட்ட சொந்தக்காரர்கள் எல்லாம் இப்போது கண்ணாடி மாற்ற அவளிடம்தான் வருகிறார்கள். அவளும் யாரையும் விட்டுவைப்பதில்லை, கேட்டதை நினைவுபடுத்திவிட்டுத்தான் கண்ணைப் பார்ப்பாள்.

ஆனால் பெற்றவளின் கண்ணில் இருந்த கோளாறு அவளுக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. போன வருஷம் வீட்டு மாடு செவலை இடப்பக்கமாக வந்து மணியம்மாளின் கையைக் கொம்பால் கிழித்துவிட்டது. முட்டுகிற மாடு என்று பேர் வைத்து, அப்பா முருகேசன் அதை ஏனாத்தூர்க்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார். அடுத்த மாதம் அதே கையில் கதவு இடித்தது. கதவை விற்க முடியாதே! அப்போதுதான் ஜீவிதாவுக்கு உறைத்தது, அம்மாவுக்கு இடப்பக்கம் வருவது தெரியவில்லை என்று.

அன்றைக்கு எடுத்த படத்தில் இடது கண்ணின் நரம்பு மெலிந்து கிடந்தது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வையை மூளைக்குக் கொண்டுபோகும் செல்கள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. வலி இல்லை, சிவப்பு இல்லை, ஒரு சத்தமும் இல்லை. செத்தவை திரும்பி வராது. மிச்சத்தைக் காப்பாற்ற தினமும் ராத்திரி சொட்டு மருந்து.

மணியம்மாளுக்கோ இன்னொரு மாடு வேண்டும். "நரம்பு அப்படியே நின்னுச்சுன்னா மாடு வாங்கு. இன்னும் தேஞ்சிருந்தா ஆபரேஷன், மாட்டுப் பேச்சையே எடுக்கக் கூடாது" என்று சட்டம் போட்டிருந்தாள் ஜீவிதா. அதைச் சொல்லப்போகிற படம்தான் இன்றைக்கு எடுப்பது.

இன்னொரு தடவை எடுத்தாள். திரையில் இடது கண் சிவப்பாக வந்து நின்றது. சிவப்பு என்றால் தேய்மானம்.

டாக்டர் முரளீதரன் எட்டிப் பார்த்தார். "சிவப்பா வந்திருக்கே. ஆபரேஷனுக்கு சென்னைக்கு எழுதிடலாமா?"

"படமே சரியில்ல சார். பாதியில கண்ணை மூடிக்கினாங்க. மங்கலா விழுந்தா மெலிசாத்தான் காட்டும். இதை நம்பி கத்தி வெக்க விடமாட்டேன்."

"உங்கம்மாங்கறதால சொல்றியா?"

"யாரோட அம்மாவா இருந்தாலும் இதான் சொல்லுவேன். போன வாரம் வேற ஒருத்தர் படத்துக்கும் சொன்னேன், நீங்கதான் கேக்கல."

"இப்ப கேக்கறேன் தாயே, எடு" என்று சிரித்துக்கொண்டே போனார் அவர்.

ஜீவிதா மெஷினைத் திரும்ப அம்மாவின் கண்ணுக்கு நேராக வைத்தாள். கும்பிடாதே என்றால் இவள் கேட்கமாட்டாள். இவள் கண்ணை மூடாமல் பார்ப்பது எதை? சட்டென்று மொட்டை மாடியில் அம்மா கோலோடு வேர்க்கடலைக்குக் காவல் இருப்பது ஞாபகம் வந்தது.

"அம்மா, மாடியில மல்லாட்டை காயப் போட்டிருக்கற. உள்ள ஒரு பச்சைப் புள்ளி தெரியுதா? அதான் அணிலு. கண்ணை எடுத்த, ஒரு கொட்டை மிஞ்சாது."

மணியம்மாளின் முதுகு நிமிர்ந்தது. கை கும்பிடுவதை மறந்து, கோலைப் பிடிப்பதுபோல் மேசை விளிம்பைப் பிடித்தது. வெளிச்சக் கோடு ஓடி முடிந்தது, இமை அசையவில்லை.

"ச்சூ… போ அந்தாண்ட!" என்றாள் மெஷினைப் பார்த்து.

படம் கண்ணாடி மாதிரி வந்திருந்தது. போன வருஷப் படத்தை எடுத்துப் பக்கத்தில் போட்டாள். நரம்பின் கனத்தைக் காட்டும் பழைய கோட்டின் மேலேயே புதிய கோடு ஏறிப் படுத்திருந்தது. மெலிந்த இடம் மெலிந்தபடி, மிச்சம் மிச்சமாக. கோபப்பட ஏதாவது கிடைக்குமா என்று இன்னொரு முறை பார்த்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை.

"இன்னாடி, திட்டக் காணோம்? பயமா இருக்குது."

"ஒண்ணும் இல்லம்மா. போனது போச்சு. மிச்சம் கரையாம அப்படியே இருக்குது."

"வரப்பு நிக்குதுன்னு சொல்லு. ஒரு நாளுகூட மருந்து விடாம இருந்ததில்ல, தெரியுமில்ல?" என்று எழுந்து புடவையை உதறிக்கொண்டாள் மணியம்மாள். "அப்ப மாடு?"

"வாங்கு. கொம்பு இல்லாததா பாத்து வாங்கு."

"செவலையவே திருப்பிக் கேக்கலாம்டி. அது எங்க முட்டிச்சு? பாவம், நான்தான் அத்தப் பாக்கல."

ஜீவிதா போனை எடுத்தாள். "அப்பா, அந்த ஏனாத்தூர்க்காரர் நம்பர் இருக்குதா?"

"எதுக்குமா?"

"மன்னிப்பு கேக்கணும்."

"அவர்கிட்ட நாம இன்னா தப்பு பண்ணோம்?"

"அவர்கிட்ட இல்லப்பா. மாட்டுகிட்ட."