கடல் தாண்டித் திரும்பிய ஆப்பிள் குச்சிகள்

1986இல் விநாயகமூர்த்தி உலகின் தென்கோடியில், மங்கரே என்ற ஊரில் ஒரு சைடர் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தார். யாழ்ப்பாணத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். இங்கே ஆப்பிளை நசுக்கிச் சாறு பிழிந்து, மதுவாகப் புளிக்கப் பீப்பாயில் விடுகிற வேலை. மனைவி யோகராணி கொழும்பில் தமையன் வீட்டில் விசாவுக்குக் காத்திருந்தாள்.

முதலாளி மார்கரெட்டுக்கும் அவர் வயதுதான். சாப்பாட்டு வேளையில் சைடரின் பழங்கதைகளைச் சொல்லுவாள். இங்கிலாந்தில் ஹியர்ஃபர்ட் பக்கத்துப் பண்ணைகளில் ஒரு காலத்தில் கூலியின் ஒரு பங்கையே சைடராகக் கொடுப்பார்களாம்.

"விதை போட்டால் அதே ஆப்பிள் வராது, குச்சி வெட்டி ஒட்டவேண்டும். எங்கள் முன்னோர் அங்கிருந்து கப்பலில் குச்சிகளை உருளைக்கிழங்கில் குத்திக் கொண்டுவந்தார்கள். அந்தத் தாய்மரத்தை ஒருதரம் தொட்டுப் பார்க்கவேண்டும்" என்றாள்.

அடுத்த வருடம் போனாள். திரும்பி வந்தவள் பெட்டியைக்கூடத் திறக்காமல் நேரே கொட்டகைக்கு வந்தாள்.

"அந்தத் தோட்டத்தைக் கோதுமை வயலாக்கிவிட்டார்கள். அந்த ஜாதி ஆப்பிளே அங்கே இப்போது யாரிடமும் இல்லை."

"உங்களிடம் இருக்கிறதே. அனுப்புங்கள்" என்றார் விநாயகமூர்த்தி.

இங்கே குளிர்காலமான ஜூலையில் இருவருமாகப் பன்னிரண்டு குச்சிகளை வெட்டி, ஹியர்ஃபர்ட் பண்ணை ஒன்றுக்கு அனுப்ப ஈரக் காகிதத்தில் சுற்றினார்கள். குச்சிகளுக்கான அனுமதிப் பத்திரம் ஆறு வாரத்தில் வந்திருந்தது. அதைப் பெட்டியில் ஒட்டும்போது அவர் கை சற்று நின்றது. யோகராணியின் விண்ணப்பம் போய்ப் பதினெட்டு மாதம்.

நான்கு குச்சிகள் துளிர்த்ததாக மறுவருடம் ஹியர்ஃபர்டிலிருந்து கடிதம் வந்தது. மார்கரெட் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த ஞாயிறு அவர் கொழும்புக்கு ஃபோன் எடுத்தார்.

"இஞ்சயிருந்து போன குச்சியள் அங்க துளிர்த்திட்டுதாம்."

"நல்ல விஷயம். எங்கட ஃபைல் என்னாச்சு?"

"இன்னும் பாக்கினமாம்."



"உங்கட குரல் மாறிப்போச்சு" என்றாள்.

"தடிமன்" என்றார். ஜலதோஷம் ஒன்றும் இல்லை.

விசா வர மேலும் பதினொரு மாதம் ஆயிற்று. விமான நிலையத்தில் அவள் வெளியே வந்தபோது, இத்தனை வருடம் சேர்த்து வைத்த பேச்சையெல்லாம் விட்டு, அவள் கைப்பையை வாங்கிக்கொண்டார்.

"சாப்பிட்டனீரா?" என்று மட்டும் கேட்டார்.