சகல காரியங்களும்

அதிகாரப் பத்திரம் பதிவான செவ்வாய்க்கிழமை முதல், தையல் மிஷின் பழுதுபார்ப்பவருக்கு வர வேண்டிய தும்மல் அவர் மகளுக்கு வந்தது. அவர் எண்ணெய் டப்பாவைத் திறந்தால் மாடியில் அவள் தும்முவாள். எழுபத்தாறு வயதில் கை நடுங்கத் தொடங்கியதும் அவர் ஒரே நாளில் இரண்டு காகிதங்களை எழுதி முடித்திருந்தார். "உயில் நீங்க போனப்புறம் பேசும், பவர் நீங்க இருக்கிறவரைக்கும் பேசும். ரெண்டும் இருந்தா நிம்மதியாத் தூங்கலாம்" என்றார் பத்திர எழுத்தர். கீழே இருக்கும் கடைக்கும் மேலே இருக்கும் வீட்டுக்கும் இனி மகளே கையெழுத்துப் போடுவாள் என்பதுதான் ஏற்பாடு. கடைசிப் பத்திக்கு வந்தபோது தாளில் இரண்டு வரிதான் மீதி. இன்னொரு தாள் சேர்த்தால் மறுபடி டோக்கன் எடுத்து நிற்க வேண்டும், மணி மூன்றரை. பத்திர எழுத்தர் வழக்கமாகப் போடும் 'மேற்படி சொத்து சம்பந்தமாக' என்ற மூன்று சொற்களை விட்டுவிட்டு, 'நான் நேரில் செய்யக்கூடிய சகல காரியங்களையும் என் சார்பில் என் மகள் செய்யலாம்' என்று நெருக்கி எழுதி முடித்தார்.

மகள் பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுப்பவள். தும்மலை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் இடது முழங்கால் வலித்தது. அப்பா தடதடவென்று மாடி ஏறி வந்தார். சந்தேகம் தட்டி இருவர் ரத்தத்தையும் பார்த்தாள். அப்பாவின் சர்க்கரை முழுவதும் அவள் குழாயில் இருந்தது. பத்திர நகலைப் படித்த பிறகு அதில் அதிசயப்பட ஒன்றுமில்லை என்று தெரிந்தது. அவருடைய மாத்திரைகளை அவள் விழுங்கினாள். பசியும் அவளிடம் போய்விட்டதால் அவர் கடிகாரம் பார்த்துச் சாப்பிட்டார். கையெழுத்துப் போட அவர் பேனாவை எடுத்தால் வெறும் கோடுதான் வந்தது. "வேலை மிச்சம்" என்றார். தெருவும் பழகிவிட்டது. அவர் தடுக்கி விழுந்தால், மாடியைப் பார்த்து, "அடி பட்டுச்சாம்மா?" என்று கேட்டார்கள். இப்படி நான்கு வருடம் போயிற்று.

ஐந்தாம் வருடம், ஒருவருக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு நெஞ்சைப் பிடித்தது. மருத்துவர் இரண்டு முறை ஈ.சி.ஜி. எடுத்தார். "இது உன் வயசு இதயம் இல்லம்மா. யாரோடதா இருந்தாலும் ஆறு மாசம் தாங்கினாப் பெருசு." அறிக்கையை மடித்துக் கைப்பையின் அடியில் வைத்தாள். அவள் தனியாள், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பத்திரத்தை ரத்து செய்தால் வலி அவரிடம் திரும்பிப் போகும். எண்பது வயதில் அவர் விசிலடித்துக்கொண்டு மிஷினுக்குள் தலையை விட்டிருந்தார்.

சில்லறை தேடி அவள் கைப்பையைத் துழாவியபோது அறிக்கை அவர் கையில் சிக்கியது.

"இது யாரு நெஞ்சு, பாப்பா?"

"உங்களுதுதான்."

"அப்போ திருப்பிக் குடு."

"தர மாட்டேன். நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்கப்பா."

"வீட்டக் குடுத்தேன், கடையக் குடுத்தேன். சாவையுமா எழுதிக் குடுத்தேன்?"

"எழுதித்தான் குடுத்திருக்கீங்க. கடைசிப் பத்தி. படிச்சுப் பாருங்க."

அவர் பத்திரத்தைக் கொண்டுபோய்க் காட்ட, பத்திர எழுத்தர் தன் வரியைத் தானே படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். ரத்துப் பத்திரம் எழுத ஐந்து நிமிடம்தான். கையெழுத்துக்கு என்ன செய்வது? பெருவிரலை வைத்தால் மை ஒட்டியது, ரேகை விழவில்லை. மகள்தான் அவர் சார்பில் போட வேண்டும். அவளோ மாட்டேன் என்கிறாள். மறுநாள் அப்பா சாப்பிடுவதை நிறுத்தினார். அதனால் அவருக்கு ஒரு கஷ்டமும் இல்லை; பத்திர எழுத்தரின் பெஞ்சில் கால்மேல் கால் போட்டுச் செய்தித்தாள் படித்தார். பட்டினி கிடந்தது மகள். இரண்டு சாப்பாடு சாப்பிட்டாள், ஒரு முழு ரொட்டியைத் தின்றாள், வயிறு காந்துவது நிற்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

"உண்ணாவிரதம் இருக்கிறவங்கதானேப்பா பட்டினி கிடக்கணும்? இது என்ன நியாயம்?"

"பவர் உன்கிட்ட இருக்கு. நான் என்ன பண்ண முடியும்?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. "சரி, போடறேன்" என்றாள். கொடுத்தவர் சார்பில் வாங்கியவரே ரத்து செய்யலாமா என்று பதிவாளர் சட்டப்புத்தகத்தைப் புரட்டினார். கூடாது என்று எங்கும் இல்லை. அப்பாவின் சாய்ந்த எழுத்தில் அவள் கையெழுத்திட்டாள். கடைசிப் புள்ளி வைத்ததும் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். "பசிக்குது" என்றார், பெருமையாக.

அதன்பின் ஐந்து மாதம் இருந்தார். வலியில் பல்லைக் கடித்தார். மாடியில் அவளுக்கு எதுவும் வலிக்கவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. ஒரு வியாழக்கிழமை காலை அவரால் எழுந்து உட்கார முடியவில்லை.

"லீவு போடட்டுமாப்பா?"

"எதுக்கு? நீ வேலைக்குப் போ. இதுக்கு நான் ஒருத்தன் போதும்."

அவள் தண்ணீர்ச் செம்பை அவர் கைக்கு எட்டும்படி வைத்தாள். பிறகு போனாள். பக்கத்துக் கடைக்காரர் அழைத்து வந்த மருத்துவர் பதினொன்று இருபது என்று நேரம் குறித்தார். அந்த நேரத்தில் அவள், யாருக்கும் அகப்படாத நரம்புள்ள ஒரு பெண்ணுக்கு ஊசி ஏற்றிக்கொண்டிருந்தாள். முதல் குத்திலேயே ரத்தம் வந்தது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ரத்துப் பத்திரம் சரியாகத்தான் எழுதப்பட்டிருந்தது.