சத்துமாவு டின்

எங்கள் குடும்பத்தில் மறைத்தவர்கள் உண்டு. பொய் சொன்னவர்கள் இல்லை. அறுபத்திரண்டு வயதில் நான்தான் முதலில் சொன்னேன். அதை நானே எழுதிவைத்துவிடுகிறேன். பிறர் சொன்னால் என் அப்பாவின் பெயரையும் சேர்த்து இழுப்பார்கள்.

பேரையூரைத் தாண்டிக் கரிசல் காட்டுக்கு நடுவே ஒரு சபை இருக்கிறது. என் அப்பா இன்னாசிமுத்து ஒன்பது பேரோடு ஓலைக் கொட்டகையில் தொடங்கியது. நகை கூடாது, பூ கூடாது, சினிமா கூடாது. மருந்து கூடவே கூடாது; நோய் வந்தால் ஜெபம்தான். ஊருக்குச் சொன்னதை அவரும் கடைப்பிடித்தார். பல்வலிக்குக் கிராம்புகூட வைக்காமல் போய்ச் சேர்ந்த மனிதர்.

எனக்கு இருபத்தெட்டு வயதானபோது அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. பதினோராம் நாள் நான் ஒரு நர்ஸைக் கூட்டிவந்து ஊசி போடச் சொன்னேன். மறுநாள் அம்மா இறந்துபோனார். ஊசி போட்டதால்தான் கர்த்தர் கைவிட்டார் என்றது சபை. அடுத்த ஞாயிறு அப்பா மேடையில் நின்று, "ஞானம் பாவ அறிக்கை செய்யட்டும்" என்று என் பெயரைச் சொன்னார். தவறு செய்தவர் முக்காடிட்டு, முழங்காலில் நின்று, செய்ததை எல்லோர் முன்பும் சொல்ல வேண்டும். ஐந்து நிமிட வேலை. நான் செய்யவில்லை. ஒரு தகரப் பெட்டியோடு மதுரைக்குப் பஸ் ஏறினேன். அப்பா அதன்பின் ஒன்பது வருடம் இருந்தார். என்னோடு பேசவில்லை, நானும் பேசவில்லை.

காளவாசலுக்குப் பின்னால் ஒரு தெருவில் முப்பத்து நான்கு வருடமாக இருக்கிறேன். பள்ளிக்கூட வேலை, பிறகு ஓய்வு. கல்யாணம் நடக்கவில்லை. சபைக்குள் யாரும் கேட்கமாட்டார்கள். சபைக்கு வெளியே எனக்கு யாரையும் தெரியாது. நாற்பது வயதில் காது குத்திக்கொண்டேன். கண்ணாடியில் யாரோ ஒரு பெண் தோடு போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துக் கூசினாள். அன்றே கழற்றினேன். துளையும் தூர்ந்துபோனது. வேறு ஒரு தேவாலயத்துக்குச் சில மாதம் போனேன். பாட்டெல்லாம் தெரிந்தும் வாய் திறக்க வரவில்லை.

பக்கத்து வீட்டு மலையம்மாள் பூக்கட்டி விற்பவள். வெள்ளிக்கிழமை ஒரு முழம் கொண்டுவந்து நீட்டுவாள்.

"வச்சுப் பாருங்க டீச்சர். உங்க சாமி கோவிச்சுக்கிட்டா நான் பேசிக்கிறேன்."

வாங்கி மேசைமேல் வைப்பேன். ஒருநாள், "உங்க அப்பாரு என்ன மனுசன் டீச்சர், பெத்த பிள்ளைய..." என்று தொடங்கினாள். "எங்க அப்பாவப் பத்தி நீங்க பேச வேணாம்" என்றேன். இரண்டு மாதம் பூ வரவில்லை.

என் தங்கை எஸ்தர் சபையிலேயே இருந்துவிட்டாள். அவள் மகன் ஜெரால்ட்தான் இப்போது அங்கே பாஸ்டர். நான்கு வருடத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, வெள்ளைச் சேலையில், கையில் சுவிசேஷக் கைப்பிரதிக் கட்டோடு என் வாசலில் வந்து நின்றாள்.

"வழி தப்பின அக்காவ மீட்கப் போறேன்னு சபையில சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றாள். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்து, "காலு ரெண்டும் எரியுதுக்கா. கண்ணு இருட்டுது" என்றாள்.

பரிசோதித்ததில் சர்க்கரை நானூறைத் தொட்டிருந்தது. டாக்டர் மாத்திரை எழுதினார். நான் கேழ்வரகு சத்துமாவு அரைத்து ஒரு டின்னில் போட்டு, அடியில் மாத்திரை அட்டைகளை வைத்துக் கொடுத்தேன். அப்படித்தான் வழக்கமானது. செவ்வாய்தோறும் பஸ் ஸ்டாண்டில் கைப்பிரதி கொடுத்துவிட்டு மதியம் வருவாள். சாப்பிடுவோம். அவள் முந்தானையை உதறி எழும்போது நான் கேட்பேன்:

"என்னடி, மீட்டாச்சா?"

"எங்க? நீ கல்லுல்ல. அடுத்த வாரமும் வரணும் போல."

வாரத்தில் நான் சிரித்துப் பேசுவது அந்த ஒரு மதியம்தான்.

போன ஆவணியில் ஒரு செவ்வாய், அவள் வந்ததும் மூன்று தம்ளர் தண்ணீர் குடித்தாள். உதடு வெடித்திருந்தது.

"டின்னு வேணாம்க்கா" என்றாள்.

"ஏன்?"

"எனக்காக நாப்பது நாள் சபையே உபவாசம் இருந்துச்சுல்ல. இப்ப நல்லாயிட்டேன்னு வார ஞாயித்துக்கிழம என்னைய சாட்சி சொல்லச் சொல்லியிருக்கான் ஜெரால்டு."

"பொய்யா சொல்லப்போற?"

"பொய் எதுக்கு? மாத்திரைய நிறுத்திட்டேன். இன்னைக்கோட ஆறு நாளு. ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒடம்புல மருந்தே இருக்காது. அப்ப நான் சொல்றது நெசந்தான?"

"அதுக்கப்புறம்?"

"அப்புறம் எப்படிப் போடுறது? போட்டா சாட்சி பொய்யாயிருமே."

அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. எங்கள் அப்பாவின் மகள் அப்படித்தான் யோசிப்பாள்.

"செத்துப்போவடி."

"போனா போறேன். சுத்தமாப் போறேன்."

"ஜெரால்டுகிட்ட உள்ளதச் சொல்லிரு."

"இன்னாசிமுத்து மக நாலு வருசமா மாத்திரை முழுங்குனான்னு ஊரெல்லாம் பேசவா? அவன் எப்படி மேடையில நிப்பான்? அப்பா பேரு என்னாகும், சொல்லு?"

அவள் இடத்தில் இருந்தால் நானும் அதையே கேட்டிருப்பேன். டின் மேசைமேலேயே இருந்தது. அவள் வெறுங்கையோடு போனாள்.

ஞாயிறு காலை நான் பேரையூர் பஸ் ஏறினேன்.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது சிமெண்டுக் கட்டடம். பெண்கள் பக்கம் பாயில் கடைசியாக உட்கார்ந்தேன். சிலர் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு கிழவிகளுக்கு அடையாளம் தெரிந்தது. மேடையில் ஜெரால்ட், அப்பாவின் அதே நெற்றியோடு. பாட்டு எழுந்தது. வார்த்தை ஒன்றுகூட எனக்கு மறந்திருக்கவில்லை.

"சாட்சி சொல்றவங்க எழும்பலாம்" என்றான் ஜெரால்ட். எஸ்தர் முன்வரிசையில் எழுந்தாள். நிற்கும்போதே தள்ளாடி, பக்கத்தில் இருந்தவளின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

சாட்சிக்கு முன் பாவ அறிக்கை என்பது அப்பா வைத்த ஒழுங்கு. நீக்கப்பட்டவர்களும் அதைச் செய்யலாம், யாரும் தடுக்கக்கூடாது. நான் முந்தானையை எடுத்துத் தலையில் போட்டேன். முழங்காலில் நின்றேன். முப்பத்து நான்கு வருடம் மடங்காத கால்.

"நான் ஞானம். இன்னாசிமுத்து பாஸ்டரோட மூத்த மக. ஒரு பாவ அறிக்கை இருக்கு."

கிழவிகள் இருவரும் முழுதாகத் திரும்பினார்கள்.

"எந்தங்கச்சி எஸ்தருக்கு நாலு வருசமா சத்துமாவு குடுத்தனுப்பினேன். அதுல சக்கரை மாத்திரையப் பொடிச்சுக் கலந்திருந்தேன். அவளுக்குத் தெரியாது. நான் சொல்லலை. குத்தம் என்னுது."

"கர்த்தாவே" என்றாள் யாரோ ஒருத்தி. எஸ்தர் திரும்பி, "அக்கா, அது..." என்றாள். வகுப்பை அடக்கும் பார்வை ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்தப் பார்வை பார்த்தேன் அவளை. அவள் உட்கார்ந்தாள். சாட்சி நடக்கவில்லை.

பஸ் நிறுத்தத்தில் வேப்பமரத்தடியில் நின்றேன். ஒரு மணி நேரம் கழித்து ஜெரால்ட் தனியாக பைக்கில் வந்தான். இறங்கி, பைக்கை ஸ்டாண்டில் போட்டான்.

"சபை மூப்பர்மார் கூடிப் பேசினாங்க பெரியம்மா. அம்மா இனிமே உங்க வீட்டுக்கு வரக்கூடாது. உங்க கையால எதுவும் வாங்கிச் சாப்பிடக்கூடாது."

"சரிப்பா."

"அம்மா மேல குத்தம் இல்லன்னுட்டாங்க."

"அது போதும்."

அவன் பைக் சாவியை விரலில் சுற்றினான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பத்து நாளா அம்மா நிக்க மாட்டாம இருந்தாங்க. அந்த மாவு சாப்பிடாததாலன்னு இப்பத்தான் புரியுது." பிறகு குரலைத் தாழ்த்தினான். "செவ்வாக்கிழம பஸ்ல காலி டின்ன குடுத்துவிடுறேன். கண்டக்டர் அழகுபாண்டி எனக்குத் தெரிஞ்சவரு. அதுல என்ன இருக்குன்னு நான் கேக்கல."

பஸ் வந்தது. "வாரேன் பெரியம்மா" என்று சொல்லிவிட்டு முதலில் அவன்தான் கிளம்பினான்.

இப்போது செவ்வாய்க்கிழமை மதியம் காளவாசல் நிறுத்தத்தில் நிற்கிறேன். உசிலம்பட்டி வழியாக வரும் பேரையூர் பஸ்ஸில் காலி டின் இறங்கும். நிரம்பிய டின் ஏறும்.

"பேரையூர்ல கேப்பையே வெளையலயா டீச்சர்? மதுரையில இருந்து மாவு போகுது!" என்று அழகுபாண்டி விசிலை ஊதுவார்.

வீட்டுக்கு வந்து டின்னைத் திறப்பேன். கடிதம் எதுவும் இருக்காது. நானும் வைப்பதில்லை, யார் கண்ணிலாவது பட்டால் வீட்டுப் பெயர் போகும். அடியில் தீர்ந்துபோன மாத்திரை அட்டைகள் இருக்கும், மாவு ஒட்டியபடி. அவற்றை மேசைமேல் பரப்பி, ஒவ்வொரு குழியையும் விரலால் அழுத்திப் பார்ப்பேன். இதுவரை எல்லாக் குழியும் காலி.