தூண்மேல் சிமியோன்

நான் பந்தல்காரன். சாமியார் வேலையெல்லாம் எனக்கு ஒத்து வராது. மயிலாப்பூர் சர்ச் ஒன்றில், திருச்சபை வரலாற்றைக் காட்சி காட்சியாக நிறுத்தும் விழா. தூணைக் கட்டி முடித்துக் கிளம்பும்போது செசிலி டீச்சர் குறுக்கே வந்தார்.

"சிமியோன் வேஷம் போடறவன் வரல, அறிவு. பத்து நிமிஷம் ஏறி நில்லுப்பா. பிஷப் பாத்துட்டுப் போயிடுவார்."

சிமியோன் என்பவர் அந்தக் காலத்தில் சிரியா நாட்டில் முப்பது வருஷத்துக்கும் மேல் தூண்மேலேயே தவம் இருந்தவராம்.

"அவருக்குப் பொண்டாட்டி கெடையாதா டீச்சர்?" என்றேன். முறைத்தார்.

எனக்கு இருக்கிறாள். தேவானைக்கு ஒரு கால் விளங்காது. அடையாற்றங்கரையில் எங்கள் குடிசைகளை எடுத்துவிட்டு, ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு தருகிறார்கள். அன்று நாலு மணிக்கு வீடு ஒதுக்கும் முகாம். வீடு என் பேரில். கூப்பிடும்போது நானே நின்று கேட்டால் தரைத்தளம் கிடைக்கும். இல்லாவிட்டால் கடைசியில் மிஞ்சுவதுதான். நேரம் இருக்கிறதே என்று சட்டையைக் கழற்றிக் கீழே வைத்து, ஒட்டுத்தாடியோடு ஏறித் தொலைத்தேன்.

போட்டோவில் தெரிகிறதென்று ஏணியை எடுத்துவிட்டார்கள். அது வாசலில் சீரியல் பல்பு கட்டப் போய்விட்டது. பிஷப் வந்தபாடில்லை. கீழே என் சட்டைக்குள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. பக்கத்தில், உயிரோடு எரிக்கப்பட்ட பிரான்ஸ் நாட்டு ஜோன் வேஷத்தில் காகித நெருப்புக்கு நடுவே நின்ற பெண் வேஷம் கலையாமல் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குதிக்கலாமென்றால், வீட்டில் ஒரு கால் போனது போதாதா?

"எறக்கு! என்னிய எறக்கு!" என்று கத்தினேன்.

எங்கள் வாயில் இறக்குவதும் இரக்கப்படுவதும் ஒரே சத்தம். கீழே விழா பார்க்கக் கூடியிருந்த நொச்சிக்குப்பத்துப் பெண்கள் சட்டென்று முட்டிபோட்டார்கள்.

"ஆண்டவரே, இரக்கமாயிரும்!"

"ஐயோ, எறக்குங்கம்மா!"

"இரக்கமாயிரும்!"

ஏணி, ஏணி என்று நான் அலறியதெல்லாம் அந்தப் பாட்டில் மூழ்கிப்போனது. ஒட்டுத்தாடியைப் பிய்த்து எறிந்தேன். ஓர் அம்மா அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஆத்திரத்தில் அழுகை வந்துவிட்டது. அவர்களும் அழுதார்கள். டீச்சர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

பிஷப் வந்து ஆசீர்வதித்துப் போன பிறகுதான் ஏணி வந்தது. இறங்கி ஓடிப்போய்ப் போனை எடுத்தேன்.

"எங்கய்யா கீற?" என்றாள் தேவானை.

"வந்துக்கினே கீறேன். பேரு கூப்ட்டாங்களா?"

"திருப்பித் திருப்பிக் கூப்ட்டாங்க. எட்டாவது மாடி குட்த்துட்டாங்க."

"லிஃப்ட்டு?"

"கீதாம். ஓடாதாம்."

எதற்கெடுத்தாலும் என்னைத் திட்டுகிறவள் அன்று திட்டவில்லை.

"என்னிய மேல தூக்கினு போய் விட்டுருவ," என்றாள். "அப்பால செத்தாத்தான்யா கீழ வருவேன்."