கதவு சாத்திய அரைமணி நேரம்

சீரியல் பார்ப்பவர்களுக்குப் பொழுது போகும். அதைப் பிடித்து வைப்பவளுக்குத்தான் உயிர் போகும். இதை அவள் அந்த வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால், பட்டனைத் தட்டிவிட்டால் அது பாட்டுக்கு ஓடப்போகிறது, இதில் உனக்கென்ன கஷ்டம் என்பான் கணவன். ஒருநாளாவது அவன் அந்தப் பட்டனைத் தட்டியிருந்தால் அல்லவா தெரியும்!

சங்கதி இதுதான். மாடியில் கணவனின் அக்கா இருந்தார். இவள் அவரை அண்ணி என்று கூப்பிடுவாள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் தலைமை நர்ஸ். தாய் தகப்பன் போன பிறகு தம்பியைப் படிக்கவைத்து, வேலையில் அமர்த்தி, கல்யாணமும் பண்ணிவைத்து, தனக்கென்று ஒன்றும் செய்துகொள்ளாமலே இருந்துவிட்ட மனுஷி. வீடும் அவர் பெயரில்தான். அப்பேர்ப்பட்டவருக்கு இருந்த ஒரே ஆசை எட்டு மணி சீரியல். அந்த நேரத்தில் அவர் வார்டில் ஊசியும் கையுமாக நிற்பார். ஆகவே வாரநாட்களில் கீழ்வீட்டில் அதைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்து, சனிக்கிழமை பென் டிரைவில் போட்டு மாடிக்கு அனுப்ப வேண்டும். கல்யாணமான புதிதில், இது என்ன பெரிய வேலை, நான் செய்கிறேன் என்று இவளேதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

கேபிள் பெட்டியிலிருந்து மஞ்சள் ஒயர் வழியாகப் படம் கம்ப்யூட்டருக்குள் போகும். சிவப்பு, வெள்ளை ஒயர்கள் வழியாகச் சத்தம் போகும். அரைமணிக் கதையைப் பிடிக்க அரைமணி நேரம் ஆகியே தீரும். கம்ப்யூட்டரோ கிழம். பதிவு ஓடும்போது வேறெதையாவது திறந்தால் படம் விக்கும். அந்தப் பெட்டி இருக்கிறதே, அது அதைவிட மோசம். ரிமோட்டைக் கொஞ்ச நேரம் தொடாவிட்டால், பார்க்க ஆளில்லை என்று தானே முடிவு கட்டிக்கொண்டு தூங்கிவிடும். சரி என்று தொட்டால், சானல் பெயரோடு ஒரு நீலப் பட்டை வந்து திரையில் நிற்கும். அதுவும் பதிவாகிவிடும். கதாநாயகி அழும்போது பாதி முகம் தெரியவில்லை என்று அண்ணி ஒருதடவை குறைப்பட்டார். அதிலிருந்து விளம்பரம் வரும்வரை காத்திருந்து, விளம்பரத்தில் மட்டும் ரிமோட்டைத் தொட்டுப் பெட்டியை விழிக்கவைப்பாள். காய்ச்சல்காரப் பிள்ளைக்குக் காவல் இருக்கிற மாதிரிதான்.

போதாக்குறைக்கு அந்த அறைக்குள் ஈ காக்கை நுழையக் கூடாது. யாராவது வந்து ஒயரில் கால் இடறினால் போச்சு. கதவைச் சாத்திவிடுவாள். கணவன் கூடத்தில் போனில் மேட்ச் பார்ப்பான். அவள் உள்ளே டிவியையும் அணைத்துவிடுவாள், கம்ப்யூட்டர் ஸ்பீக்கரையும் அணைத்துவிடுவாள். அந்த அழுகையையும் மாமியார் மருமகள் சண்டையையும் காதால் கேட்க அவளால் ஆகாது. திரையில் ஊமைப்படம் ஓடும். இவள் போனை எடுத்துத் தன் சொந்த அக்காவைக் கூப்பிடுவாள்.

வேடிக்கையைப் பாருங்கள், சிறையென்று அவள் நினைத்த அந்த அறைதான் அவளுக்கு இருந்த ஒரே சொந்த இடம். மனசில் உள்ளதையெல்லாம் அங்கேதான் கொட்டுவாள். கல்யாணத்துக்கு முன்பு அவள் கட்டட வரைபடம் போடுகிறவள். நல்ல கை என்று பெயர் எடுத்தவள். மறுபடி வேலைக்குப் போகட்டுமா என்று எப்போது கேட்டாலும் கணவன் ஒரே வார்த்தைதான் சொல்வான்: பார்க்கலாம். மாட்டேன் என்று சொன்னாலாவது சண்டை போடலாம். பார்க்கலாம் என்பவனிடம் எதைப் பிடித்துச் சண்டை போடுவது? அக்கா அவனுக்கு மிஸ்டர் பார்க்கலாம் என்று பேர் வைத்தாள். மாடிக்காரருக்கு சூப்பிரண்டு என்று பேர். இரண்டு பேரும் அந்தப் பேர்களைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். சில நாள் இவள் அழவும் அழுவாள்.

போன மாதம் வேற்றூரில் ஒரு பொறியாளர் அலுவலகத்தில் ஆள் எடுப்பதாக அக்கா சொன்னாள். கணவன் வேலைக்குப் போயிருந்த பகலில் கம்ப்யூட்டர் வழியாகவே நேர்காணல் நடந்தது. அதற்காக ஒரு சின்ன மைக் வாங்கிச் சொருகி, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். பத்து நாளில் வேலை கிடைத்துவிட்டது. வருகிற திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். தங்குவதற்குப் பெண்கள் விடுதியில் இடமும் அக்கா பார்த்துவிட்டாள். கணவனிடம் கேட்பதாக இல்லை. கேட்டால்தானே பார்க்கலாம் என்பான்? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சொல்லிவிட்டு, விடிந்ததும் பையோடு கிளம்பிவிடுவது. இதையெல்லாம் அந்தக் கதவுக்குள்தான் பேசி முடித்தார்கள். அலுவலகத்தின் பெயரையும் போன் நம்பரையும் அக்கா எழுதிக்கொள்வதற்காக இவள் நிறுத்தி நிறுத்தி இரண்டுதரம் சொன்னாள்.

இன்னும் இரண்டு நாள்தான் என்று அந்தச் சனிக்கிழமை காலையில் கால் தரையில் பாவாமல் நடந்துகொண்டிருந்தாள். கடைசித் தடவையாக ஒரு பென் டிரைவை நிரப்ப உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமைப் பதிவில் பெட்டி ஒரு கணம் நின்று ஓடியிருந்தது. போகிற நேரத்தில் எதற்குக் கெட்ட பேர், சத்தம் விட்டுப் போயிருக்கிறதா பார்ப்போம் என்று, வழக்கமில்லாத வழக்கமாக ஸ்பீக்கரைப் போட்டாள்.

திரையில் மாமியார் வாயைத் திறந்தாள். வந்ததோ இவள் குரல். "சூப்பிரண்டு மூஞ்சிய அப்ப பாக்கணும்க்கா" என்று சொல்லிச் சிரித்தது.

மானிட்டரை நகர்த்திப் பார்த்தாள். நேர்காணலுக்காகத் திறந்துவிட்ட மைக்கை அவள் மூடவே இல்லை. மானிட்டருக்குப் பின்னால் தள்ளி வைத்தவள், கம்ப்யூட்டரில் அதை அணைக்க மறந்தேபோனாள். அன்றிலிருந்து சீரியல் சத்தத்தோடு அறையின் சத்தமும் சேர்ந்தே பதிவாகியிருக்கிறது. ஒவ்வொரு வாரமும் படம் சரியா என்று தள்ளித் தள்ளிப் பார்த்தாளே ஒழிய, ஒருநாளும் காதால் கேட்கவில்லை. மாதம் முழுக்கத் தன் வாயாலேயே தன் ரகசியத்தைப் பேசி, தன் கையாலேயே மாடிக்கு அனுப்பியிருக்கிறாள். இவளை மாதிரி ஒரு மடச்சி உண்டா? சீரியலை வெறுக்கிறவள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது.

அப்புறம் ஒரு நப்பாசை. கேட்டிருந்தால் இதற்குள் வீடு ரெண்டுபட்டிருக்குமே? கணவன் நேற்றுகூடச் சாதாரணமாகத்தானே சாப்பிட்டுவிட்டுப் படுத்தான்? அண்ணி வேலை அலுப்பில் பார்க்காமலே வைத்திருக்கலாம். மாடியில் கிடக்கிற பழைய பென் டிரைவ்களை எடுத்து எப்படியாவது அழித்துவிட வேண்டும் என்று மாடிப்படி ஏறினாள்.

அண்ணி சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். இவளைக் கண்டதும் எழுந்து போய், கேட்காமலே டீ கொண்டுவந்து கொடுத்தார். பழைய பென் டிரைவ்கள் எங்கே என்று ஒரு கணம் இவள் கண் அலைந்ததை அவர் பார்த்துவிட்டார்.

"இன்னைக்குத்தான் கேட்டியா?" என்றார்.

அவள் தலையாட்டினாள்.

சூப்பிரண்டு என்ற பேர் தனக்குப் பிடித்திருப்பதாக அண்ணி சிரித்துக்கொண்டே சொன்னார். வார்டிலும் அப்படித்தான் கூப்பிடுகிறார்களாம். முதல் வாரம் கோபம் வந்ததாம். அடுத்த வாரம் சீரியலை விட்டுவிட்டு இவள் பேச்சையே கேட்க ஆரம்பித்தாராம். இவள் அழுத அன்று அவரும் அழுதாராம். அந்தக் குரலில் கள்ளம் இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

"உன் மேல எனக்கு ஒண்ணும் இல்லம்மா. வயசு அப்படி. ஆனா நான் வேலை முடிஞ்சு வர்றப்ப கீழ்வீட்ல லைட் எரியணும். அவனைத் தனியா விட்டா அவன் ஆள் கிடையாது, எனக்குத் தெரியும். அதான் அந்த ஆபீஸுக்குப் போன் போட்டு, வர முடியலைன்னு சொல்லிட்டேன்."

"யாரு சொன்னதா சொன்னீங்க?"

"நீ சொன்னதாத்தான். உன் பேர்லயே பேசினேன். வேற ஆள் பேசினா உனக்குத்தானே மரியாதைக் குறைச்சல்? அவனுக்கு ஒரு வார்த்தை தெரியாது. சத்தியமா சொல்ல மாட்டேன். நமக்குள்ளயே இருக்கட்டும்."

அடேயப்பா, எவ்வளவு பக்குவமாகக் காரியத்தை முடித்திருக்கிறார்! ரத்தம் வராமல் ஊசி போடுகிற கை அல்லவா? காட்டிக்கொடுக்கவில்லை, கத்தவில்லை, வேலையை மட்டும் எடுத்துவிட்டார். இனி இவள் காலமெல்லாம் அவருக்கு நன்றியோடு வேறு இருக்க வேண்டும். கத்த வேண்டும்போல இருந்தது. டீயைக் கீழே வைத்தாள். உங்கள் போனைக் கொடுங்கள் என்றாள். அண்ணி மறுக்கவில்லை.

நம்பர் அவளுக்கு மனப்பாடம். சனிக்கிழமை அரைநாள் அலுவலகம் உண்டு. பொறியாளரே எடுத்தார். பேரைச் சொன்னதும் அவர் குழம்பினார். புதன்கிழமை நீங்களேதானே அழைத்து வரமுடியாது என்றீர்கள் என்று கேட்டார். பேசியது நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள், எதிரில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள். சொல்லி நிரூபிப்பது எப்படி? அந்த இடத்துக்கு மறுநாளே வேறொரு பெண்ணை எடுத்தாயிற்று, வேறு ஏதாவது வந்தால் சொல்கிறோம் என்றார் பொறியாளர். நல்ல மனுஷர்தான், வருத்தப்பட்டே சொன்னார். நன்றி சொல்லிப் போனை வைத்தாள்.

அண்ணியின் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை அவள் பார்த்தாள். இரண்டு பேருமாக மத்தியானம் இங்கேயே சாப்பிடலாம் என்றார். அடுத்த வருஷம் இதே ஊரில், வீட்டுக்குப் பக்கத்தில், அவரே ஒரு வேலை பார்த்துத் தருகிறாராம். தம்பியிடமும் பேசுகிறாராம். டீ ஆறுகிறது, குடி என்றார்.

ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. இரண்டு வருஷமாக எதற்காகத் தவித்தோம் என்று அப்போதுதான் அவளுக்கே விளங்கியது. வேலை போனதைவிட, தன் வாயிலிருந்து வரவேண்டிய பேச்சு வேறொரு வாயிலிருந்து வந்து, அதை அங்கே நம்பியும்விட்டார்கள் என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கணவனும் இவளுக்காகப் பார்க்கலாம் என்பான். இவரும் இவளுக்காக முடியாது என்பார். இப்படியே போனால் சாகும்போது ஐயோ என்பதைக்கூட யாராவது இவளுக்காகச் சொல்லிவிடுவார்கள்.

எழுந்து நின்றாள். "திங்கட்கிழமை நான் கிளம்பறேன் அண்ணி."

"எங்க போவ? அதான் வேலை இல்லைன்னு ஆயிடுச்சே?"

"வேலை இல்லைன்னாலும் போறேன். விடுதியில இடம் இருக்கு. அங்கிருந்து தேடிக்கிறேன்."

அண்ணிக்கு முகம் வெளுத்துவிட்டது. தம்பியிடம் என்ன பதில் சொல்வது, அவன் கேட்டால் நான் என்ன செய்வேன் என்று தடுமாறினார். வாழ்நாளில் முதல்தடவையாக அவருக்கு வார்த்தை வராமல் போனதை அவள் பார்த்தாள். பாவமாகக்கூட இருந்தது. ஆனாலும் வாசல்வரை போனவள் திரும்பி நின்றாள்.

"அவர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க அண்ணி. என் பேர்ல பேசத்தான் உங்களுக்கு நல்லா வருதே."

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். பை எடுத்து வைக்கிற வேலை பாக்கி இருந்தது.