கல்யாண வளையம்

எனக்குப் பிடிக்காத வேலை ஒன்று உண்டென்றால் அது வளையம்தான். ஆட்டையாம்பட்டியில் ஒட்டுப்போர்வை தைக்கும் கடை வைத்திருக்கிறேன். துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்து, நடுவில் பஞ்சு வைத்து, அடியில் இன்னொரு துணி கொடுத்து மூடுகிற போர்வை. சதுரம் கேளுங்கள், முக்கோணம் கேளுங்கள், நட்சத்திரம்கூடக் கேளுங்கள், முகம் சுளிக்காமல் தைத்துத் தருவேன். கல்யாண வளையம் என்று யாராவது செல்போனில் படத்தை நீட்டினால் மட்டும் ஓடி ஒளிந்துகொள்ளலாம் போலிருக்கும்.

படத்தில் பார்க்க அழகுதான். ஒரு வளையத்துக்குள் இன்னொன்று கோத்துக்கொண்டு போர்வை முழுக்கப் போகும். தைக்கிறவளுக்குத்தான் தெரியும் அதன் லட்சணம். வளையத்தில் நேர்கோடு என்பதே கிடையாது. குழிந்த துண்டையும் புடைத்த துண்டையும் சேர்த்து வைத்துத் தைக்க வேண்டும், இரண்டும் முரண்டு பிடிக்கும். இழுத்தால் ஒரு பக்கம் நீண்டுவிடும், விட்டால் மறுபக்கம் கொசுவம் விழும். வளையங்கள் சந்திக்கிற மூலையில் நூலளவு தப்பினாலும் போர்வைக்குத் தொப்பை விழுந்துவிடும். என்னிடம் தைக்கும் அமுதவல்லி, "அக்கா, எதை வேணா குடுங்க, அந்த வளையத்த மட்டும் என் தலையில கட்டீராதீங்க" என்று வேலைக்குச் சேர்ந்தபோதே சொல்லிவிட்டாள். நான் மட்டும் என்னவாம்? கேட்டு வருகிறவர்களிடமெல்லாம் மெஷின் ரிப்பேர் என்று வாய் கூசாமல் சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன்.

அப்புசாமியிடம் அப்படிச் சொல்ல முடியவில்லை. திருச்செங்கோட்டுப் பக்கம் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஓட்டுகிறவர். மனைவி சென்னியம்மாள் போன வருடம் இறந்துபோனார். அந்த அம்மாளின் சேலைகளை ஒரு பெரிய பை நிறையக் கொண்டுவந்து என் மேசையில் கொட்டி, செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார்.

"ஏனுங்க அம்முணி, இதையெல்லாம் வெட்டி, இந்த மாதிரி வளையம் வெச்சு ஒரு போர்வை தைக்கோணும். கல்யாணத்துக்குங்க."

"யாருக்குக் கல்யாணமுங்க?"

"எல்லாம் நம்மூட்லதானுங்க" என்று சிரித்தார். பேச்சோடு பேச்சாக, ஒரே மகள் மோனிஷா சேலத்தில் வேலை பார்ப்பதாகவும் சொன்னார். அம்மா இல்லாத பெண், புகுந்த வீட்டில் அம்மா சேலையைப் போர்த்திக்கொண்டு படுக்கப்போகிறாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். மனசு இளகிப்போய்த் தலையாட்டிவிட்டேன்.

நல்ல சேலையில் கத்திரி வைக்கும் துணிச்சல் வரவில்லை. முதலில் வேஸ்ட் துணியில் தைத்துப் பார்த்தேன். சகிக்கவில்லை. சுட்ட அப்பளம் மாதிரி விளிம்பெல்லாம் சுருண்டு நின்றது. பிரித்துத் தைத்தேன், ஊசி ஓட்டைகளோடு இன்னும் அசிங்கமாக வந்தது. கையில் தொடவே அருவருத்து மூலையில் வீசினேன். அமுதவல்லி அதைப் பொறுக்கி வந்து மறுபடி மேசையில் வைத்தாள். அவளுக்கு எகத்தாளம்.

இழுப்பதை நிறுத்திய பிறகுதான் அது எனக்கு வசப்பட்டது. குழிந்த துண்டை மேலே வைத்து, அதன் விளிம்பில் சின்னச் சின்ன வெட்டுக் கொடுத்து, நடுவிலும் ஓரங்களிலும் குண்டூசி குத்தி, துணியை அதன் போக்கில் மெஷினுக்குள் போக விட்டேன். அயர்ன் போட்டதும் வளையம் தட்டையாகப் படுத்தது. எத்தனை வருடப் பயம்! எனக்கே என் மேல் ஒரு கர்வம் வந்தது. நாளை சேலையை வெட்டிவிடலாம் என்று அப்புசாமிக்குப் போன் செய்தேன். மூலையில் பெண் மாப்பிள்ளை பேரைப் பூத்தையலில் போட்டுத் தருவது எங்கள் கடை வழக்கம்.

"மாப்பிள்ள பேரு என்னங்க போடோணும்?"

"அப்புசாமி, ரஞ்சனின்னு போடுங்க அம்முணி."

நான் தப்பாகக் கேட்டுவிட்டேனோ என்று மறுபடி கேட்டேன். அவர் அதையே சொன்னார்.

ஆண்பிள்ளை மறுகல்யாணம் செய்வதில் எனக்கொன்றும் கோபமில்லை. தனியாகக் கிடந்து சாக வேண்டும் என்று சட்டமா இருக்கிறது? ஆனால் செத்தவளின் சேலையை வெட்டிப் புதுப்பெண்டாட்டி கட்டிலுக்குப் போர்வையா?

"மோனிஷாவுக்குத் தெரியுமுங்களா?"

"அவளுக்கு எதுக்குங்க? கல்யாணத்த முடிச்சுட்டுச் சொல்லிக்கலாம். அம்மா சீலை வேணும் வேணும்னு அழுதுட்டே இருந்தா. ஆசிரமத்துக்குக் குடுத்தாச்சுன்னு சொல்லிப் போட்டேன்."

"பெத்த புள்ளைக்கு இல்லாத சீலை இதுக்கு எதுக்குங்க?"

"என்ன அம்முணி இப்படிக் கேக்கறீங்க? அவ சுமங்கலியாப் போனவ. பூவும் பொட்டுமா போனவ சீலைன்னா எத்தன ராசி! புதுசா வாரவளுக்கு அந்த ராசி சேரட்டும்னுதான்."

எங்கள் பக்கம் அப்படி ஒரு நம்பிக்கை உண்டு. புருஷன் இருக்கும்போதே போன பெண்ணின் சேலையை மகளும் தங்கையும் கேட்டு வாங்கிக் கட்டுவார்கள். அந்த நல்ல வழக்கத்தைக் கொண்டுபோய் இந்த மனுஷன் எங்கே விரித்திருக்கிறான் பாருங்கள். சீ! பேசிய போனைக்கூடத் துடைத்து வைக்க வேண்டும் போலிருந்தது.

தைக்க மாட்டேன் என்று பையைத் திருப்பிக் கொடுக்க நிமிடமாகாது. அடுத்த கடைக்காரன் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவான், மோனிஷாவுக்கு ஒரு முந்தானைகூட மிஞ்சாது. ரஞ்சனியே இந்தச் சேலைகளைப் பார்த்தால் யாருடையது என்று கேட்காமலா இருப்பாள்? பல்லைக் கடித்துக்கொண்டு, "கல்யாணப் பொண்ணக் கூட்டிட்டு வாங்க. எந்தச் சீலை எங்க வரோணும்னு அவங்களே சொல்லட்டும்" என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம்.

மறுநாளே கூட்டி வந்தார். ரஞ்சனி ராசிபுரத்துக்காரி, முப்பத்தைந்து வயதிருக்கும். அதிகம் பேசாத முகம். மேசையில் விரித்திருந்த சேலைகளைத் தடவிப் பார்த்தாள். ஒன்றில் ஃபால்ஸ் கிழிந்து கையால் தைத்திருந்தது. அவள் விரல் அங்கேயே நின்றது.

"இதெல்லாம் கட்டுன சீலையாட்ட இருக்குதுங்களே. யாருதுங்க?"

நான் அப்புசாமியைப் பார்த்தேன். பதில் சொல்ல வேண்டியவர் சொல்லட்டும் என்று நின்றேன்.

"சென்னியம்மாளுதுதான்" என்றார் அப்புசாமி. "சுமங்கலியாப் போனவ. உனக்கும் அந்த ராசி வாய்க்கட்டுமேன்னுதான்."

ரஞ்சனி கையை எடுத்துக்கொண்டாள்.

"அப்படீன்னா, நானும் உங்களுக்கு முந்தியே போய்ச் சேரோணுங்களா?"

அமுதவல்லி மெஷினை நிறுத்திவிட்டாள். இத்தனை நாள் ராசி, ராசி என்று கேட்டு வளர்ந்த எனக்கு அந்தச் சொல்லுக்குள் இருந்த சாவு ஒருநாளும் கண்ணில் பட்டதில்லை.

"அட, என்ன பேச்சுப் பேசற நீயி? நான் நல்லதுக்குத்தான..."

"யாரோட நல்லதுக்குங்க?"

துணைக்கு ஒரு வார்த்தை சொல்வேனோ என்று அவர் என்னைப் பார்த்தார். நான் கத்திரியை எடுத்து டிராயருக்குள் போட்டுப் பூட்டினேன். ரஞ்சனி சேலைகளை ஒவ்வொன்றாக மடித்தாள். விளிம்பு விளிம்போடு சேரும்படி நிதானமாக மடித்தாள். அமுதவல்லியும் எழுந்து போய் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"இவங்க மக ஒருத்தி இருக்கறான்னு சொன்னீங்கல்லங்க. அந்தப் புள்ளைக்குப் போன் போடுங்க."

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் ரஞ்சனி."

"இப்பப் போடுங்க. இல்லாட்டி நான் பஸ்ஸேறி ஊருக்குப் போயிக்கறேன்."

அப்புசாமி போனை எடுத்தார். எண்ணை அழுத்திவிட்டு, காதில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். "அப்பா? சொல்லுப்பா" என்ற குரல் எங்களுக்கே கேட்டது. ரஞ்சனி அவர் கையிலிருந்து போனை வாங்கி மோனிஷாவிடம் பேசினாள்.

"சாமி, உங்கம்மா சீலையெல்லாம் ஆட்டையாம்பட்டியில ஒரு தையக் கடையில இருக்குது. ஒண்ணுங்கூட வெட்டலை. வந்து எடுத்துக்க சாமி."

அந்தப் பக்கம் அழுகை கேட்டது. ரஞ்சனி போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றாள். அழுது முடித்த பிறகுதான் அந்தப் பெண்ணுக்குக் கேட்கத் தோன்றியது.

"நீங்க யாருங்க?"

ரஞ்சனி அப்புசாமியை ஒரு பார்வை பார்த்தாள்.

"இன்னும் யாரும் ஆகலை சாமி" என்றாள்.