ஒரே மூச்சில் ஒரு வாக்கியம்

அம்மாவின் தலைமாட்டில் நின்றுகொண்டே அண்ணன் நீச்சல்குள மேலாளருக்குப் போன் போட்டான். எடுக்கவில்லை. "இருக்கட்டும், விட மாட்டேன்" என்று கூடத்தில் இருந்தவர்களைப் பார்த்துச் சொன்னான். காலை விமானத்தில் வந்தவன். பெட்டியின் கைப்பிடியை இன்னும் மடக்கவில்லை, அதற்குள் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டான்.

வயதான பெண்களுக்குத் தண்ணீரில் உடற்பயிற்சி சொல்லித்தருகிறவள்தான் அந்தக் குற்றவாளி. நேற்று அவள் வகுப்பில், நெஞ்சளவு நீரில், அம்மா கையை விரித்தபடியே சாய்ந்து, அப்படியே போய்விட்டாள். அந்தப் பெண் நாடி பார்க்கவே இல்லை என்பது அண்ணனின் வாதம். இன்றைக்கே அவளை வேலையிலிருந்து தூக்கிவிடுவானாம். அழுவதைவிட அது சுலபம்.

தங்கை சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வாராவாரம் அம்மாவைக் கூட்டிப்போய், துண்டை மடியில் வைத்துக்கொண்டு குளத்தோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் அவள். தண்ணீருக்குள் நாடி தரையில் துடிப்பதுபோல் துடிக்காது. அதிலும் அம்மா விழுங்கிய ரத்த அழுத்த மாத்திரை, என்ன குதி குதித்தாலும் துடிப்பை ஏறவிடாது. அதனால் பயிற்சிக்காரி பேசவைத்துத்தான் பார்ப்பாள். காலை உதைத்துக்கொண்டே ஒரு முழு வாக்கியம் சொல்ல வேண்டும். நடுவில் மூச்சு அறுந்தால் சுவரோரம் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஆட வேண்டும்.

சுவரோரம் என்றாலே அம்மாவுக்குக் கேவலம். அங்கே நிற்பவர்களைக் கம்பிக் கிழவிகள் என்பாள். அவர்களில் பாதிப் பேர் அவளைவிட இளையவர்கள். வேறெங்கும் யாரும் அவளை முன்வரிசையில் விட்டதில்லை என்று இரக்கப்படலாம்தான். அம்மா அதற்கு இடம் கொடுத்தவளில்லை.

மதியம் பயிற்சிக்காரி வந்தாள். கையில் அம்மாவின் ஈரப் பை. கூடவே சோடா வந்தாள். கண்ணாடியின் தடிமனுக்காக அம்மா வைத்த பெயர் அது. முன்வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்பவள்.

அண்ணன் வாசலிலேயே மறித்தான்.

"நாடி பார்த்தியா?"

"பேசச் சொல்லிப் பார்த்தேன் சார்."

"பேசச் சொன்னியா? இது என்ன பட்டிமன்றமா?"

கூடத்தில் யாரோ சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்து மேலாளரே திரும்பக் கூப்பிட்டார். அண்ணன் எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியைப் போட்டு, உங்கள் ஆள் இங்கேதான் நிற்கிறாள் என்றான். பிறகு அவளிடம் திரும்பினான்.

"சரி, எங்கம்மா என்ன பேசினாங்க? அதையாவது சொல்லு."

"ஏதோ சொன்னாங்க. முழுசா சொன்னாங்க சார்."

"ஏதோன்னா? நீ கேக்கவே இல்ல. அதானே?"

பதில் சொல்லும்மா, என்றது போன். பயிற்சிக்காரி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். வாயைத் திறந்தால் வேலை நிலைக்கும். திறக்கவில்லை. அந்தப் பெருந்தன்மை தங்கைக்கு எரிச்சலாக இருந்தது. இந்த வீட்டில் யாருக்காக இதெல்லாம்?

"நான் பெஞ்சில இருந்தேண்ணா. எனக்குக் கேட்டுச்சு" என்றாள். பிறகு அம்மாவின் குரலிலேயே, எங்கும் நிறுத்தாமல் சொன்னாள். "என் பையன் போன் பண்ணலைன்னா நான் ஒண்ணும் குறைஞ்சு போயிட மாட்டேன், செத்தா மட்டும் மொத ஆளா வந்து நின்னு எல்லாரையும் அதட்டுவான் பாரு."

யாரும் இருமவில்லை.

"அவ்வளவு மூச்சு இருந்தவங்களுக்கு அப்புறம் எப்படி..." என்றான் அண்ணன்.

"கால ஊனிக்கிட்டுத்தான் சொன்னா" என்றாள் சோடா. "டீச்சர் பக்கத்துல வந்தா உதைக்கிறத நிறுத்திடுவா. தண்ணிக்குள்ள யாருக்குத் தெரியும்? அந்தாண்ட போனதும் மறுபடி ஆடுவா. எங்கள எல்லாம் தோக்கடிக்கணுமே."

ஹலோ, ஹலோ, என்றது போன். அண்ணன் அதை அணைத்தான். சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

தங்கை ஈரப் பையை வாங்கிக்கொண்டு வெளியே போனாள். அம்மாவின் நீச்சல் உடையை முறுக்கிப் பிழிந்து, வாசல் கொடியில் போட்டாள். எவ்வளவு பிழிந்தும் சொட்டிக்கொண்டுதான் இருந்தது. நேர் கீழே அண்ணனின் தோல் செருப்புகள் கிடந்தன. அவள் அவற்றை நகர்த்தவில்லை.